கைவிட்ட சமையலறை, கினிப் பன்றிகள், ஓர் உப்பு: லித்தியம் மருந்தை உலகுக்குத் தந்த ஜான் கேட் யார்?

பைபோலார் டிஸ்ஆர்டர் என்று ஒரு நோய். தமிழில் இருதுருவ மனநிலைக் கோளாறு என்பார்கள். சில வாரங்கள் தூக்கமே இல்லாமல், வாய் ஓயாமல் பேசிக்கொண்டு, கையில் இருக்கிற காசையெல்லாம் வாரி இறைத்துக்கொண்டு, தன்னால் முடியாதது எதுவுமே இல்லை என்கிற உச்சத்தில் ஒருவர் இருப்பார். இதற்குப் பெயர் மேனியா. அது முடிந்ததும் படுக்கையை விட்டு எழுந்து பல் தேய்க்கக்கூட மனசு வராத இருட்டு. இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு குடும்பமே அல்லாடும்.

இந்த நோய்க்கு மனநல மருத்துவர்கள் இன்றைக்கும் முதலில் யோசிக்கிற மருந்துகளில் ஒன்று லித்தியம். செல்போன் பேட்டரிக்குள் இருக்கிறதே, அதே லித்தியம்தான். மாத்திரையில் அது லித்தியம் கார்பனேட் என்கிற உப்பாக வருகிறது. மனநிலையை மேலேயும் போகவிடாமல், கீழேயும் விழவிடாமல் பிடித்து வைப்பதால் இந்த வகை மருந்துகளுக்கு மூட் ஸ்டெபிலைசர் என்று பெயர்.

இதைக் கண்டுபிடித்தது எந்தப் பெரிய மருந்து கம்பெனியும் இல்லை. ஆய்வு நிதியோ, முறையான ஆய்வகமோ, ஆராய்ச்சிப் பயிற்சியோ இல்லாத ஓர் ஆஸ்திரேலிய டாக்டர். ஜப்பானியரின் போர்க்கைதி முகாமில் மூன்றரை வருடம் கிடந்து, எலும்பும் தோலுமாக ஊர் திரும்பியவர். பெயர் ஜான் கேட். அவர் கொடுத்த லித்தியத்தால் முதன்முதலில் தெளிந்து வீட்டுக்குப் போனவரும், பிறகு அதே லித்தியத்தின் நச்சால் இறந்துபோனவரும் ஒரே நோயாளி. அந்தச் சாவு ஏன் நடந்தது என்பதைப் புரிந்துகொண்டால், லித்தியம் சாப்பிடுகிறவர்கள் ஒரு சாதாரண வலி மாத்திரையைக்கூட டாக்டரைக் கேட்காமல் போடக்கூடாது என்று ஏன் சொல்கிறார்கள் என்பதும் புரிந்துவிடும்.

மருத்துவமனை வளாகமே வீடு

ஜான் ஃபிரடெரிக் ஜோசப் கேட் பிறந்தது 1912 ஜனவரி 18-ம் தேதி. ஊர், ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் கோதுமை விளைகிற முர்டோவா என்கிற சின்ன நகரம். அப்பா டேவிட் அங்கே பொது மருத்துவர்.

முதல் உலகப் போர் வந்தது. அப்பா ராணுவ டாக்டராகப் போனார். கலிபோலியையும் பிரான்ஸையும் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவர் பழைய ஆளாக இல்லை. உடம்பும் மனசும் சோர்ந்துபோய், ஊரில் தனியாக கிளினிக் நடத்துகிற தெம்பு இல்லாமல், அதை விற்றுவிட்டு அரசாங்கத்தின் மனநலத் துறையில் வேலைக்குச் சேர்ந்தார். அடுத்தடுத்துப் பல மனநல மருத்துவமனைகளுக்குக் கண்காணிப்பாளராக மாற்றல். போகிற இடமெல்லாம் மருத்துவமனை வளாகத்துக்குள்ளேயே வீடு.

அதனால் ஜானும் அவர் சகோதரர்களும் வளர்ந்தது நோயாளிகளுக்கு மத்தியில். மனநோயாளி என்றாலே கதவைச் சாத்திக்கொண்ட காலம் அது. இந்தப் பையன்களுக்கோ அவர்கள் தினமும் பார்க்கிற மனுஷங்க. பிற்காலத்தில் ஜான் கேட் மனநோயைச் சாபமாகவோ குணக்கேடாகவோ பார்க்காமல், காய்ச்சல் மாதிரி, சர்க்கரை மாதிரி உடம்பில் வருகிற ஒரு நோயாகப் பார்த்ததற்கு இந்தச் சிறுவயதுதான் அடித்தளம் என்று சொன்னால் மிகையில்லை.

மெல்போர்னில் ஸ்காட்ச் காலேஜ் பள்ளி, பிறகு மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் மருத்துவம். 21 வயதிலேயே டாக்டர். பயிற்சி மருத்துவராக இருந்தபோது இரண்டு நுரையீரலிலும் கடுமையான நிமோனியா. பென்சிலின் இன்னும் புழக்கத்துக்கு வராத நேரம் அது, பிழைப்பாரா என்பதே சந்தேகமாக இருந்தது. பிழைத்தார். அவரைப் பார்த்துக்கொண்ட நர்ஸ் ஜீன் மீது காதலும் வந்தது. 1937-ல் கல்யாணம். அப்பா வழியிலேயே மனநலத் துறையில் வேலை. அப்படியே போயிருந்தால் விக்டோரியா அரசு மருத்துவமனைகளின் பழைய பதிவேடுகளில் மட்டும் இருக்கிற ஒரு பெயராக முடிந்திருப்பார்.

சாங்கியில் மூன்றரை ஆண்டு

இரண்டாம் உலகப் போரில் ராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்த கேட், 1941-ல் குயின் மேரி கப்பலில் சிங்கப்பூர் போனார். 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் ஜப்பானிடம் விழுந்தது. ஆயிரக்கணக்கான வீரர்களோடு அவரும் கைதியாகி சாங்கி முகாமில் அடைக்கப்பட்டார். 1945 செப்டம்பர் வரை அங்கேதான்.

முகாமில் சாப்பாடு என்றால் பெரும்பாலும் தீட்டிய அரிசி. பெரிபெரி, பெல்லாக்ரா என்று வைட்டமின் குறைபாட்டு நோய்கள் கைதிகளைத் தின்றன. இந்த நோய்கள் கை காலோடு நிற்பதில்லை. மனசையும் குழப்பும். நேற்று வரை நன்றாகப் பேசிக்கொண்டிருந்த ஆள் இன்று ஏதேதோ உளறுவார். மனநல டாக்டரான கேட் இதையெல்லாம் பக்கத்திலிருந்து பார்த்தார். மனநிலை மாறியிருந்த சிலர் இறந்தபின் பிரேதப் பரிசோதனையில், அதற்குக் காரணமான கோளாறு மூளையிலேயே இருந்ததையும் கவனித்தார். மனநோய்க்கும் உடம்பின் ரசாயனத்துக்கும் தொடர்பு இருக்கிறது, மேனியாவுக்குப் பின்னாலும் ஏதோ ஒரு நச்சுப்பொருள் இருக்கலாம் என்கிற எண்ணம் அவருக்குள் வலுத்தது இந்த வருடங்களில்தான்.

விடுதலையாகி வீடு திரும்பியவர் ரொம்ப நாள் ஓய்வெடுக்கவில்லை.

வீட்டு ஃப்ரிட்ஜில் சிறுநீர் பாட்டில்

மெல்போர்னை ஒட்டிய பண்டூராவில், போரிலிருந்து மனநோயோடு திரும்பிய வீரர்களுக்கான மருத்துவமனை இருந்தது. கேட் அங்கே பொறுப்பேற்றார். அந்த வளாகத்தில் யாரும் பயன்படுத்தாமல் கிடந்த ஒரு சமையலறைதான் அவருடைய லேப்.

அவர் போட்ட கணக்கு இது. தைராய்டு சுரப்பு அதிகமானால் ஆள் படபடவென்று இருப்பார், குறைந்தால் மந்தமாகிவிடுவார். மேனியாவும் மனச்சோர்வும் அந்த மாதிரி ஏன் இருக்கக்கூடாது? உடம்பில் ஏதோ ஒரு பொருள் மிதமிஞ்சினால் மேனியா, குறைந்தால் சோர்வு. மிதமிஞ்சினால் மிச்சம் சிறுநீரில்தானே வெளியேற வேண்டும்?

மேனியா நோயாளிகள், மனச்சோர்வு நோயாளிகள், ஸ்கிசோஃப்ரீனியா நோயாளிகள், நல்ல ஆரோக்கியமாக இருப்பவர்கள் என்று எல்லாரிடமிருந்தும் சிறுநீர் சேகரித்தார். லேபில் குளிர்பதன வசதி கிடையாது. பாட்டில்கள் வீட்டு ஃப்ரிட்ஜில், சாப்பாட்டுப் பொருட்களோடு இடம் பிடித்தன. ஜீன் பொறுமைசாலி என்பதில் சந்தேகமே வேண்டாம்.

அந்தச் சிறுநீரைக் கினிப் பன்றிகளின் வயிற்றில் ஊசியாகப் போட்டார். அளவு கூடினால் யாருடைய சிறுநீராக இருந்தாலும் அவை செத்தன. ஆனால், மேனியா நோயாளிகளின் சிறுநீர் இன்னும் குறைந்த அளவிலேயே கொன்றது. கொல்வது யூரியா என்று கண்டுபிடித்தார். ஆனால் மேனியா நோயாளிகளின் சிறுநீரில் யூரியா அதிகமாக இல்லை. அப்படியானால் அந்த யூரியாவின் வீரியத்தைக் கூட்டுகிற இன்னொன்று இருக்க வேண்டும். சந்தேகம் யூரிக் அமிலத்தின் மேல் விழுந்தது.

இங்கேதான் அதிர்ஷ்டம் உள்ளே நுழைகிறது. யூரிக் அமிலம் தண்ணீரில் லேசில் கரையாது. கரையாத பொருளை ஊசியில் எப்படி ஏற்றுவது? யூரேட் உப்புகளிலேயே நன்றாகக் கரையக்கூடியது லித்தியம் யூரேட். சரி என்று அதை எடுத்தார். அவர் எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக, கினிப் பன்றிகள் குறைவாகவே பாதிக்கப்பட்டன. காப்பாற்றியது யூரேட்டா, கூட வந்த லித்தியமா? லித்தியம் கார்பனேட்டை மட்டும் தனியாகப் போட்டுப் பார்த்தார். எப்போதும் துள்ளிக் குதறுகிற விலங்குகள், இரண்டு மணி நேரத்தில் சாதுவாகிவிட்டன. மல்லாக்கப் போட்டாலும் புரண்டு எழாமல் நிதானமாக அவரையே பார்த்துக்கொண்டு கிடந்தன.

உண்மையில் அந்தக் கினிப் பன்றிகள் அமைதியானது லித்தியத்தின் மனநல விளைவால் இல்லை, அளவு மீறியதால் ஏற்பட்ட நச்சின் ஆரம்ப அறிகுறியாக இருக்கலாம் என்று பின்னாளில் பல ஆய்வாளர்கள் சொன்னார்கள். மேனியாவுக்குக் காரணம் சிறுநீரில் போகும் நச்சு என்கிற அவருடைய கருதுகோளும் நிற்கவில்லை. ஆக, தொடங்கிய கேள்வி தப்பு. வழியில் பார்த்ததைப் புரிந்துகொண்டதும் அனேகமாகத் தப்பு. கையில் கிடைத்த மருந்து மட்டும் சரி.

நோயாளிக்குக் கொடுப்பதற்கு முன்னால் கேட் லித்தியத்தைத் தானே சாப்பிட்டுப் பார்த்தார். இன்றைக்கு எந்த எதிக்ஸ் கமிட்டியும் இதற்கு அனுமதி கொடுக்காது. பெரிய பாதிப்பு எதுவும் இல்லை என்று தெரிந்ததும் அடுத்த அடி எடுத்து வைத்தார்.

டபிள்யூ.பி.

மருத்துவப் பதிவில் அந்த நோயாளியின் பெயர் டபிள்யூ.பி. என்ற இரண்டு எழுத்துகள் மட்டுமே. வயது 51. ஐந்து வருடமாக இடைவிடாத மேனியா. ஓரிடத்தில் உட்கார மாட்டார், சுத்தம் கிடையாது, கையில் கிடைத்ததை உடைப்பார், ஓயாமல் குறும்பு. மிச்ச வாழ்நாள் முழுக்க அந்த வார்டிலேயே கழியப்போகிறது என்பதுதான் எல்லாருடைய கணிப்பும்.

1948 மார்ச் 29-ம் தேதி அவருக்கு முதன்முதலில் லித்தியம் கொடுக்கப்பட்டது. நாலாவது நாளே ஏதோ மாற்றம் தெரிகிற மாதிரி கேட்டுக்குப் பட்டது. ஆசையில் அப்படித் தெரிகிறதோ என்று அவருக்கே சந்தேகம். ஐந்தாவது நாள் சந்தேகம் போய்விட்டது. ஆள் அடங்கியிருந்தார், சுத்தமாக இருந்தார், நிதானமாகப் பேசினார். மூன்று வாரத்தில் குணமடைகிறவர்களுக்கான வார்டு. ஜூலை 9-ம் தேதி, தினமும் சாப்பிட வேண்டிய லித்தியம் மாத்திரைகளோடு, வீட்டுக்கு. பழைய வேலைக்கும் திரும்பினார். அந்தக் குடும்பத்துக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மேனியா நோயாளிகள் 10 பேர், ஸ்கிசோஃப்ரீனியா 6 பேர், மனச்சோர்வு 3 பேர் என்று மொத்தம் 19 பேரிடம் கேட் லித்தியத்தைச் சோதித்தார். மேனியா நோயாளிகள் எல்லாரிடமும் முன்னேற்றம். ஸ்கிசோஃப்ரீனியாவில் சிலரது படபடப்பு குறைந்தது, அவ்வளவுதான். மனச்சோர்வில் இருந்தவர்களுக்குப் பலன் தெரியவில்லை. 1949 செப்டம்பர் 3-ம் தேதி ஆஸ்திரேலிய மருத்துவ இதழில் இதைக் கட்டுரையாக வெளியிட்டார். ஒரே ஒரு ஆசிரியர் பெயர், சில பக்கங்கள். மனநோய்க்கென்று நவீன மருந்து எதுவுமே இல்லாத நேரம் அது. இன்று நமக்குத் தெரிந்த மனநல மருந்துகளின் வரிசையில் முதலில் நிற்பது இந்தக் கட்டுரையில் வந்த லித்தியம்தான்.

உலகம் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்த சிலரும் பயந்தார்கள். அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது.

அமெரிக்காவைப் பயமுறுத்திய உப்பு

லித்தியம் என்கிற தனிமத்தை 1817-ல் ஸ்வீடனில் யோஹான் ஆகஸ்ட் ஆர்ஃப்வெட்சன் ஒரு கனிமத்திலிருந்து கண்டுபிடித்தார். கிரேக்க மொழியில் லித்தோஸ் என்றால் கல், அதனால் இந்தப் பெயர். யூரிக் அமிலத்தைக் கரைக்கும் என்பதால் 19-ம் நூற்றாண்டில் கவுட் எனும் மூட்டு நோய்க்குக் கொடுத்தார்கள். லித்தியம் கலந்த ஊற்று நீர் என்று பாட்டிலில் அடைத்து விற்றார்கள். செவன்-அப் குளிர்பானத்தில்கூட 1948 வரை லித்தியம் சேர்க்கப்பட்டது.

1940-களின் கடைசியில் அமெரிக்காவில் ஒரு யோசனை கிளம்பியது. இதய நோயாளிகளையும் ரத்த அழுத்தம் உள்ளவர்களையும் டாக்டர்கள் உப்பைக் குறைக்கச் சொல்கிறார்கள். உப்பில்லாமல் எப்படிச் சாப்பிடுவது? லித்தியம் குளோரைடும் நாக்குக்கு உப்பு மாதிரிதான் இருக்கிறது, அதைத் தூவிக்கொள்ளட்டுமே! கடைகளில் மாற்று உப்பாக அது விற்பனைக்கு வந்தது. எவ்வளவு தூவுவது என்று கணக்கே இல்லை. பலருக்கு விஷமேறியது, சிலர் இறந்தார்கள். 1949-ன் ஆரம்பத்தில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அதைத் தடை செய்தது. கேட்டின் கட்டுரை வெளிவந்தது அதே வருடம். இதைவிட மோசமான நேரம் அமையாது.

அந்த நோயாளிகள் ஏன் அத்தனை சீக்கிரம் விழுந்தார்கள்? சோடியத்தையும் லித்தியத்தையும் நம் சிறுநீரகத்தால் சரியாகப் பிரித்துப் பார்க்க முடியாது. இரண்டும் ரசாயனத்தில் பங்காளிகள். சமையல் உப்பைத் திடீரென்று குறைத்துவிட்டால், இருக்கிற சோடியத்தையாவது காப்பாற்றுவோம் என்று சிறுநீரகம் வெளியே போகிறதை இழுத்துப் பிடிக்கும். அப்போது லித்தியத்தையும் சேர்த்து உள்ளே இழுத்துக்கொள்ளும். உப்பை நிறுத்தச் சொல்லப்பட்ட ஆட்களிடம் போய் லித்தியத்தைக் கொடுத்தால் என்ன ஆகும்? உடம்பிலிருந்து வெளியேற வேண்டியது வெளியேறாமல் சேர்ந்துகொண்டே போகும். இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

முதல் நோயாளியின் முடிவு

டபிள்யூ.பி. கதைக்குத் திரும்புவோம். வீட்டுக்குப் போன சில மாதங்களில் அவர் மாத்திரையை நிறுத்திவிட்டார். நன்றாக இருக்கிறோமே, இனி எதற்கு மாத்திரை என்று தோன்றுவது இந்த நோயில் மிகச் சாதாரணம். 1949 ஜனவரியில் மேனியா திரும்பி வந்தது, அவரும் மருத்துவமனைக்குத் திரும்பி வந்தார். மறுபடி லித்தியம், மறுபடி முன்னேற்றம். ஆனால், இந்த முறை லித்தியத்தின் நச்சு அறிகுறிகளும் தலைகாட்டத் தொடங்கின. நிறுத்தினால் மேனியா, கொடுத்தால் விஷம் என்று இரண்டுக்கும் நடுவில் கேட் மாட்டிக்கொண்டார். 1950 மே மாதம் டபிள்யூ.பி. இறந்தார். காரணம் லித்தியம் நச்சு.

ரத்தத்தில் லித்தியம் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கிற வசதி அன்றைக்கு கேட்டிடம் இல்லை. கையில் தராசு இல்லாமல் விஷத்தை நிறுத்துக் கொடுக்கிற நிலைமை. பயன் தருகிற அளவுக்கும் உயிரைப் பறிக்கிற அளவுக்கும் நடுவில் லித்தியத்தில் இருக்கிற இடைவெளி ரொம்பச் சின்னது.

கேட் லித்தியத்தை மூடி வைத்துவிட்டார். தன் பெயரை நிலைநாட்டப்போகிற கண்டுபிடிப்பைத் தானே ஓரம் கட்டுவது எளிதான முடிவு இல்லை. ஆனால், தன் பொறுப்பில் இருந்த ஒருவர் தான் கொடுத்த மருந்தால் இறந்திருக்கிறார். அவர் அந்த இடத்தில் நின்றது கோழைத்தனம் என்று பிற்காலத்தில் யாரும் சொல்லவில்லை.

சிவப்புச் சுடர் சொன்ன விடை

விடை மெல்போர்னிலேயே இருந்தது. ஜெர்மனியில் பிறந்து ஆஸ்திரேலியாவுக்கு வந்த எட்வர்டு ட்ராட்னர், மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர். லித்தியத்தை நெருப்பில் காட்டினால் சுடர் சிவப்பாக எரியும். அந்த நிறத்தின் அடர்த்தியை அளந்து, ரத்தத்தில் எவ்வளவு லித்தியம் இருக்கிறது என்று சொல்லும் கருவிதான் ஃபிளேம் ஃபோட்டோமீட்டர். ட்ராட்னரும் உடன் இருந்த ஆய்வாளர்களும் அந்தக் கருவியைக் கொண்டு லித்தியம் அளவைக் கண்காணிக்கலாம் என்று காட்டினார்கள். 1951-ல் சார்லஸ் நோவாக்கும் ட்ராட்னரும் 100-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் லித்தியத்தைப் பயன்படுத்திய அனுபவத்தை வெளியிட்டார்கள். அளந்து கொடுத்தால் கொடுக்க முடியும் என்று ஆனது.

இன்று லித்தியம் சாப்பிடுகிற எல்லாருக்கும் ரத்தப் பரிசோதனை கட்டாயம் என்பது இப்படி வந்ததுதான். கடைசி மாத்திரை சாப்பிட்டு 12 மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருந்தால் பெரும்பாலானவர்களுக்கு அது சரியான இடம். 1.5-ஐத் தாண்டினால் ஆபத்து. கை பலமாக நடுங்கும், வாந்தி, பேதி வரும், நடை தள்ளாடும், பேச்சு குழறும், குழப்பம் வரும். இன்னும் ஏறினால் வலிப்பு, கோமா, மரணம். நீண்ட நாள் எடுக்கிறபோது தைராய்டும் சிறுநீரகமும் பாதிக்கப்படலாம் என்பதால் அவற்றுக்கும் அவ்வப்போது டெஸ்ட் உண்டு.

அளவு ஏறுவதற்கு மாத்திரையை அதிகமாக விழுங்க வேண்டும் என்பது இல்லை. அதே டோஸைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே, வேறொரு மருந்து உள்ளே வந்தாலும் அளவு எகிறும். மேலே சொன்ன சோடியம் கதை நினைவிருக்கிறதா?

ரத்த அழுத்தத்துக்குத் தருகிற தயாசைடு வகை நீர் மாத்திரைகள், அதாவது ஹைட்ரோகுளோரோதயாசைடு மாதிரியானவை, உடம்பிலிருந்து சோடியத்தை வெளியேற்றும். சிறுநீரகம் பதறிப்போய் லித்தியத்தைப் பிடித்து வைக்கும். ரத்தத்தில் லித்தியம் 25 முதல் 40 சதவீதம் வரை உயரக்கூடும். எனலாப்ரில், ராமிப்ரில், லோசார்டான், டெல்மிசார்டான் என்று பிரஷருக்கு நம்மூரில் பரவலாக எழுதப்படுகிற மருந்துகளும் லித்தியத்தை ஏற்றும். பெரும்பாலும் பிரஷருக்கு ஒரு டாக்டர், மனநலத்துக்கு இன்னொரு டாக்டர். ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாமல் போவதில்தான் ஆபத்தே இருக்கிறது.

அடுத்தது வலி மாத்திரை. ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், நாப்ராக்சன் போன்றவை சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைத்து லித்தியத்தைத் தேக்கிவிடும். மூட்டுவலி, பல்வலி என்று மெடிக்கலில் கேட்டு வாங்கி நாலு நாள் போடுகிற மாத்திரைகள் இவை. சீட்டு எழுதாத மருந்து என்பதால் டாக்டரிடம் சொல்லவும் தோன்றாது. லித்தியம் எடுப்பவர்களுக்கு வலிக்கும் காய்ச்சலுக்கும் பொதுவாகப் பாராசிட்டமாலைத்தான் மருத்துவர்கள் பரிந்துரைப்பார்கள்.

மருந்தே இல்லாமலும் இது நடக்கும். வாந்தி, பேதி, காய்ச்சல், கடும் வெயிலில் வியர்த்துக் கொட்டுவது, தண்ணீர்கூடக் குடிக்காத விரதம், திடீரென்று உப்பில்லாச் சாப்பாட்டுக்கு மாறுவது என எல்லாமே லித்தியத்தை ஏற்றும். மாறாக, காபி, டீயில் இருக்கும் கஃபீன் லித்தியத்தைக் கொஞ்சம் அதிகமாக வெளியேற்றும். அதனால் தினமும் ஆறு டம்ளர் காபி குடிக்கிறவர் ஒரே நாளில் நிறுத்தினால், அளவு கூடலாம். ஆஸ்துமாவுக்குத் தரும் தியோஃபிலினும் லித்தியத்தைக் குறைக்கிற ரகம்தான். 1974-ல் லித்தியத்தோடு ஹாலோபெரிடால் சேர்த்துக் கொடுக்கப்பட்ட நான்கு நோயாளிகளுக்குக் கடுமையான மூளை பாதிப்பு ஏற்பட்டதாக ஓர் ஆய்வறிக்கை வந்தது. பிறகும் பலருக்கு இந்த இரண்டையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள், ஆனால் கண்காணிப்போடு.

இதைப் படித்துவிட்டு யாராவது லித்தியத்தைத் தானாக நிறுத்தினால் அது இன்னும் பெரிய வினை. திடீரென்று நிறுத்தினால் மேனியா வேகமாகத் திரும்பும். டபிள்யூ.பி.க்கு முதலில் நடந்தது அதுதானே. எந்த மாத்திரை புதிதாகச் சேர்ந்தாலும் லித்தியம் எடுப்பதை எல்லா டாக்டரிடமும், மருந்துக்கடையிலும் சொல்லிவிடுவதுதான் வழி.

டென்மார்க்கிலிருந்து ஒரு கை

லித்தியத்தை உலக மருந்தாக மாற்றியவர் டென்மார்க் மனநல மருத்துவர் மோகன்ஸ் ஷோவ். அவருடைய சொந்தத் தம்பிக்கே திரும்பத் திரும்ப மனச்சோர்வு வரும். அதனால் இது அவருக்கு வெறும் ஆராய்ச்சி இல்லை. 1954-ல் கேட்டின் கண்டுபிடிப்பைப் போலி மாத்திரையோடு ஒப்பிட்டுச் சோதித்து, மேனியாவுக்கு லித்தியம் வேலை செய்கிறது என்று காட்டினார். பிறகு பால் கிறிஸ்டியன் போஸ்ட்ரப் என்பவரோடு சேர்ந்து, நோய் திரும்ப வராமல் தடுக்கவும் லித்தியம் உதவும் என்றார். அவர் தம்பிக்கும் அது உதவியது.

பிரிட்டனில் சிலர் ஒப்புக்கொள்ளவில்லை. 1968-ல் இது வெறும் கட்டுக்கதை என்கிற ரீதியில் கடுமையான விமர்சனம் வந்தது. டென்மார்க்காரர்கள் சளைக்கவில்லை. லித்தியத்தில் நலமாக இருந்த 84 பெண்களை எடுத்துக்கொண்டு, 45 பேருக்கு லித்தியத்தைத் தொடர்ந்தார்கள், 39 பேருக்குத் தெரியாமல் போலி மாத்திரைக்கு மாற்றினார்கள். சில மாதங்களில் போலி மாத்திரை எடுத்தவர்களில் 21 பேருக்கு நோய் திரும்பியது. லித்தியத்தில் இருந்தவர்களில் ஒருவருக்குக்கூடத் திரும்பவில்லை. 1970-ல் இந்த முடிவு வெளியானது. நோயாளிக்குச் சொல்லாமல் மாற்றியது சரியா என்கிற கேள்வி இன்றைய கண்ணுக்கு உறுத்தத்தான் செய்யும். அதே 1970-ல் அமெரிக்காவும் மேனியாவுக்கு லித்தியத்தை அனுமதித்தது. கேட்டின் கட்டுரை வந்து 21 வருடம் கழித்து!

இவ்வளவு தாமதத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. லித்தியம் இயற்கையில் கிடைக்கிற பொருள், காப்புரிமை வாங்க முடியாது. காசு பார்க்க முடியாத மருந்துக்கு விளம்பரம் செய்ய எந்த கம்பெனி வரும்?

ராயல் பார்க் நாட்கள்

இந்தச் சண்டைகள் நடந்த காலம் முழுக்க கேட் மெல்போர்னில் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். 1952-ல் ராயல் பார்க் மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளர் ஆனார். 25 வருடம் அங்கேதான். குழுவாக உட்கார்ந்து பேசும் சிகிச்சையைக் கொண்டு வந்தார், நோயாளிகளை அதட்டி மிரட்டுகிற பழைய முறையைத் தளர்த்தினார், புதிய மருத்துவர்களுக்குப் பாடம் எடுத்தார். குடிநோயாளிகளின் மூளை பாதிப்புக்கு தயமின் என்கிற வைட்டமின் பி1-ஐ அதிக அளவில் கொடுக்க வேண்டும் என்று வலியுறுத்தி 1972-ல் எழுதினார். சாங்கியில் பெரிபெரியைப் பார்த்த கண்ணுக்கு அது புதிதாக இருந்திருக்காது.

லித்தியத்துக்குப் பிறகு அவரிடமிருந்து அந்த அளவுக்கு இன்னொரு கண்டுபிடிப்பு வரவில்லை. வேறு சில உலோக உப்புகளையும் சோதித்துப் பார்த்தார், பலன் இல்லை. அங்கீகாரம் தாமதமாக, மொத்தமாக வந்தது. 1970-ல் அமெரிக்காவில் ஒரு விருது. 1974-ல் ஷோவோடு பகிர்ந்துகொண்ட கிட்டே சர்வதேச விருது. 1976-ல் ஆஸ்திரேலிய அரசின் ஆர்டர் ஆஃப் ஆஸ்திரேலியா கௌரவம். நோபல் வரவில்லை. வந்திருக்க வேண்டும் என்று சொல்பவர்கள் மனநல மருத்துவத்தில் நிறையப் பேர்.

1977-ல் ஓய்வு பெற்றார். 1979-ல் மனநல மருத்துவத்தின் வரலாறு குறித்து ஒரு புத்தகம் வெளியிட்டார். 1980 நவம்பர் 16-ம் தேதி, உணவுக்குழாய் புற்றுநோயால் மெல்போர்னில் காலமானார். வயது 68. மெல்போர்னின் ராயல் மெல்போர்ன் மருத்துவமனையில் மனநல உள்நோயாளிகள் பிரிவுக்கு அவர் பெயர்தான். பண்டூராவில் அவர் சோதித்த லித்தியம் கார்பனேட், உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் இன்றும் இருக்கிறது.